சாமி கண்ணைக் குத்துமா?

நம் வீட்டுக் குழந்தைகள் கற்கும் முதல் வேதாந்தம் பள்ளிக்கூடத்தில் கற்பதன்று, அடுப்பங்கரையில் கற்பது. நைவேத்தியத்திற்கு வைத்த சுண்டலில் கை வைத்தாலும், பொய் சொன்னாலும், சுவாமி படத்தின்மேல் கால் பட்டாலும், "சாமி கண்ணைக் குத்தும்" என்று பாட்டியார் எச்சரிக்கிறார். குழந்தையும் கண்களைப் பொத்திக்கொண்டு சிறிது நேரம் நிற்கிறது. கண் இரண்டும் பழுதின்றி இருக்கக் கண்டு, மறுபடியும் சுண்டலை நாடுகிறது. அதே குழந்தை பத்துப் பன்னிரண்டு வயதில் வகுப்பில் எழுந்து நின்று, "ஐயா, எல்லாம் வல்ல சாமிக்கு எதற்காகக் கோபம் வரவேண்டும்? ஒரு பிடி சுண்டலில் அவருக்கு என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்கிறது. உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நாம் இக்கேள்வியைப் பல தடவை கேட்டிருக்கிறோம். "அதிகப்பிரசங்கித்தனம் செய்யாதே, உட்கார்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கேள்வி உட்காருவதில்லை.

யோசித்துப் பார்த்தால் குழந்தையின் நியாயம் பலமான நியாயம். அவமதிப்பு என்பது யாது? ஒருவருடைய மானத்திலோ மதிப்பிலோ சிறிது குறைத்துவிடுவது. குறைவே அற்ற ஒரு பொருளிலிருந்து எதைக் குறைப்பது? கோபமோ, நினைத்தது நடவாதபோது வருவது. நினைத்ததெல்லாம் நடத்த வல்லவனுக்கு அது வருவதற்கு வழி ஏது? விருப்பும் வெறுப்பும் இல்லாதவன் என்றே திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தில் அவனைக் குறித்தார். தனக்குப் பகைவனும் இல்லை, வேண்டியவனும் இல்லை என்றே கீதையிலும் கண்ணன் சொல்லுகிறான். அப்படியிருக்க, நமது புராணங்களில் தெய்வங்கள் கோபிக்கின்றன, சிரிக்கின்றன, ஊடுகின்றன, சாபமிடுகின்றன. இவ்விரண்டில் எதை நம்புவது?

திருவள்ளூர் ஜில்லாவில் வசிப்பவர்கள் இதற்கு விடை தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. உண்மையிலேயே ஒருவர் கண்ணைக் குத்திவிட்டதாகச் சொல்லப்படும் சாமி, பூண்டி ஏரிக்கரையில் இருக்கிறார். ஊன்றீசுவரர் என்று பெயர். குத்தப்பட்டவரும் சாதாரண மனிதர் அல்லர். தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார்.

கதையை நேயர்களிற் பலர் அறிவர். ஆயினும் அதன் ஆதியை நம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து சொல்வது பொருந்தும். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் நெடுஞ்சாலையில், தொழிற்பேட்டைக்கு இரும்பும் கரியும் ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அச்சாலையில் காரனோடைக்கு அருகே உள்ளே திரும்பினால் ஞாயிறு என்னும் கிராமம். அவ்வூர்ப் பெரியவராகிய ஞாயிறு கிழாரின் மகள் சங்கிலியார். மணம் வேண்டாமென்று திருவொற்றியூர் சென்று, கன்னிமாடத்தில் தங்கி, ஒற்றியூர்ப் பெருமானுக்கு மாலை தொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே வந்த சுந்தரர் அவரைக் கண்டு காதல் கொண்டார். திருவாரூரில் பரவையார் என்னும் மனைவி இருக்கவே, இங்கே இப்படி.

சங்கிலியார் ஏமாளி அல்லர். சிவபெருமான் கனவில் தோன்றித் தம் தோழருக்காகப் பெண் கேட்டபோது, அவர் ஆரூரில் மகிழ்ந்து வாழ்பவராயிற்றே என்று பணிவாகச் சுட்டிக்காட்டினார். 'உன்னைப் பிரியேன் என்று சபதம் செய்து தருவான்' என்றார் பெருமான். பிறகு நடந்தது வேடிக்கை. சந்நிதியில் சபதம் செய்துவிட்டுப் பிறகு மீற நேர்ந்தால் என்ன செய்வது என்று அஞ்சிய சுந்தரர், தாம் சபதம் செய்யும் சமயத்தில் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குச் சென்றுவிடும்படி பெருமானையே வேண்டிக்கொண்டார். பெருமானும் சம்மதித்தார். சம்மதித்துவிட்டு நேரே சங்கிலியாரின் கனவிற் சென்று, சபதத்தை மகிழ மரத்தடியிலே வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்! வேறு வழியின்றிச் சுந்தரர் மகிழடியிலே சத்தியம் செய்தார். வசந்த காலம் வந்தது; ஆரூர் நினைவும் வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். தாண்டிய மாத்திரத்தில் இரு கண்களும் ஒளி இழந்தன.

தடவித் தடவி நடந்து, வட திருமுல்லைவாயிலை வணங்கி, திருவெண்பாக்கம் வந்து சேர்ந்தார். கோயிலின் முன் நின்று, உள்ளே இருக்கிறீரா என்று கேட்டார். இருக்கிறோம், நீர் போய் வாரும் என்று அயலாருக்குச் சொல்வதுபோல் ஒரு பதில் வந்தது. கையில் ஓர் ஊன்றுகோலும் வந்தது. கண் வரவில்லை. அந்த மரியாதைப் பன்மைதான் சுந்தரரைச் சுட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. நெருங்கிய சிநேகிதன் திடீரென்று 'வாருங்கள், போங்கள்' என்று பேசத் தொடங்கினால் எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆத்திரத்தில் அவர் கோலை வீசி எறிந்தார் என்றும், அது பட்டு நந்தியின் கொம்பு ஒன்று ஒடிந்தது என்றும் தலபுராணம் சொல்லுகிறது. கொம்பு ஒடிந்த நந்தியை இன்றும் பூண்டிக் கோயிலில் காணலாம். அம்பிகை மின்னலாய் ஒளி காட்டி வழியனுப்பினாளாம். அதனால் மின்னொளி அம்மை என்று பெயர்.

இனி நாம் சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். இந்தச் சுந்தரர் தம் வாழ்நாளில் சிவபெருமானை எத்தனை முறை அவமதித்தார்? புத்தூரில் மணப்பந்தலில், கிழவேதியராய் ஆளோலையோடு வந்தவரைப் பித்தன் என்று ஏசினார். ஓலையைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார். ஏசியதற்குத் தண்டனை என்ன? அந்த ஏச்சையே முதற்சொல்லாக வைத்துப் பாடு என்று திருவெண்ணெய்நல்லூரில் கட்டளை பிறந்தது. பரவையார் கதவடைத்தபோது, ஆரூர் வீதியில் நள்ளிரவில் ஒரு முறைக்கு இரு முறை பெருமானைத் தூது நடக்க வைத்தார். அதற்கும் தண்டனை இல்லை. சந்நிதியைக் காலி செய்துவிட்டு மரத்தடிக்குப் போகச் சொன்னார். அதற்கும் இல்லை. திருவெண்பாக்கத்தில் கோலை வீசினார். கொம்பு போனது நந்திக்கு. வீசியவர் காஞ்சிக்குப் போய் இடக்கண்ணைப் பெற்றார், ஆரூருக்குப் போய் வலக்கண்ணையும் பெற்றார்.

பெருமானுக்கு எதிராகச் செய்தது எதற்கும் பெருமான் கோபிக்கவில்லை. கண் போனது ஒரே ஒரு குற்றத்திற்காக: ஞாயிற்றூர்ப் பெண் ஒருத்திக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்காக. பெரிய புராணம் பாடிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். சோழ நாட்டு மந்திரி வேலை பார்த்தவர். குற்றமும் தண்டனையும் எதற்கு எது என்று அறியாதவர் அல்லர். தெய்வத்தை வைதவனுக்குப் பாட்டு, பெண்ணை ஏய்த்தவனுக்குக் குருடு என்று அவர் கதையை அமைத்திருப்பது தற்செயல் என்று நம்மால் எண்ண முடியவில்லை.

இதே ஜில்லாவில் பிறந்த இன்னொரு பெரியவரின் கதையும் இவ்வழியே செல்கிறது. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். தன்னைப் பாட மறுத்த அவரைப் பல்லவ அரசன் காஞ்சியை விட்டு வெளியேற்றினான். ஆழ்வார் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளிடம் சென்று, நாங்கள் போகிறோம், நீரும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு புறப்படும் என்றார். பெருமாள் அப்படியே சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை என்று இன்றும் வழங்குகிறது. சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்பது அவர் பெயர். ஒரு பக்தன் அதட்டியதற்குப் பெருமாள் மனம் நோகவில்லை. ஓர் ஏழைச் சீடனை ஊரை விட்டு ஓட்டியதற்கு நொந்தார்.

நிற்க. எதிர்க்கட்சியில் சாட்சியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அவிர்ப்பாகம் கொடாத தக்கனுடைய வேள்வி அழிந்த கதை உண்டு. பாட்டில் குற்றம் சொன்ன நக்கீரரை நெற்றிக்கண் சுட்ட கதை உண்டு. இவற்றை மழுப்புவதற்கு நாம் விரும்பவில்லை. அங்கே கோபம் தன் பொருட்டாகத்தான் வருகிறது. ஆனால் நக்கீரர் கதையில் தமிழ் ஜனங்கள் இத்தனை நூற்றாண்டுகளாக எவர் பக்கம் நின்று கைதட்டுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பொற்றாமரைக் குளத்திலிருந்து அவரைக் கரையேற்றி, அகத்தியரைக்கொண்டு இலக்கணம் கற்பித்ததாகத் திருவிளையாடற் புராணமும் கதையை முடித்து வைக்கிறது.

புராணங்களை விட்டுச் சாஸ்திரத்திற்குப் போனால், நம் முன்னோர் இதைப் பாட்டிக் கதையாக விட்டுவிடவில்லை என்பது தெரியும். சைவ சித்தாந்திகள் இறைவனுடைய அருளை அறக்கருணை, மறக்கருணை என்று இரண்டாகப் பிரித்தார்கள். தாய் தந்தையர் பிள்ளையை அடிப்பது வெளிப்பார்வைக்குக் கோபம். உள்ளே அன்பு என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் எழுதினார். பிரம்மசூத்திரத்திற்கு உரை செய்த சங்கரர் மழையை உதாரணம் காட்டினார். மழை எல்லா வயலிலும் ஒன்றாகவே பெய்கிறது. நெல் முளைப்பதும் வேறு தானியம் முளைப்பதும் வித்தின் குணம். அதுபோல் இன்பதுன்பங்கள் அவரவர் வினையின் விளைவேயன்றி ஈசுவரனுடைய பட்சபாதம் அல்ல என்றார்.

எல்லாவற்றிலும் சுவையான சண்டை வைணவர்களுடையது. தயை என்றால் என்ன? பிறர் துன்பம் கண்டு தானும் துன்புறுவதே தயை என்றனர் தென்கலையார். துன்புறுதல் என்பது சர்வ வல்லமைக்குப் பொருந்தாது. பிறர் துன்பத்தை நீக்க விரும்புவதே தயை என்றனர் வடகலையார். நம் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் அகோபில மடத்தின் நிர்வாகத்தில் உள்ளது. ஆகவே ஊர்க் கட்சி எதுவென்று சொல்லவேண்டியதில்லை. அடியாருடைய குற்றங்களைப் பற்றியும் இதே பிணக்கு. இறைவன் அவற்றைக் காணாததுபோல் இருக்கிறான் என்பது ஒரு கட்சி. அப்போது ஈன்ற கன்றின் உடம்பிலுள்ள அழுக்கைத் தாய்ப்பசு நக்கி இன்புறுவதுபோல் குற்றத்தையே சுவைக்கிறான் என்பது மற்றொரு கட்சி. பதினோராம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அன்சல்ம் என்ற கிறிஸ்தவ மடத்துத் தலைவரும் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டார். இரக்கத்தின் பயனை நாம் உணர்கிறோம், இரக்கத்தின் நோவை இறைவன் உணர்வதில்லை என்று முடிவு கட்டினார். வடகலையார் அவரை வரவேற்றிருப்பர். எமக்கோ, தர்க்கத்தில் வடகலை சரியென்று தோன்றினும், கன்றை நக்கும் பசுவை விட்டுவர மனம் வரவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இரு கட்சியாரும் சண்டையிடுவது இறைவன் நமக்காக வருந்துவானா என்பது பற்றியே. தனக்காக மனம் புண்படுவான் என்று இருவரில் ஒருவரும் வாதிக்கவில்லை.

அப்படியானால் நாட்டில் தெய்வ கோபம் என்னும் பேச்சு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அச்சத்திலிருந்து. சிறுவாபுரி முருகனிடம் சொந்த வீடு வேண்டிக்கொண்டு ஆறு செவ்வாய்க்கிழமை வருவதாக நேர்ந்துகொண்ட தொழிலாளி, கும்மிடிப்பூண்டி ஆலையில் வேலைமுறை மாறி ஐந்தாவது வாரம் வரமுடியாமற் போனால், முருகன் என்ன நினைத்துக்கொள்வானோ என்று கலங்குகிறான். நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே கடன் இருக்கிறது. கடன் கொடுத்தவனைப் பார்ப்பதுபோல் தெய்வத்தைப் பார்க்கிறோம். இந்த அச்சம் அவனோடு நின்றால் பெரிய தீங்கில்லை. ஊருக்கே துன்பம் வரும்போதுதான் இது விபரீதமாகிறது.

1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அப்போது ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் இருந்த காந்தியடிகள், அது தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார். கவி ரவீந்திரநாதர் கடுமையாக மறுத்தார். இயற்கையின் நிகழ்ச்சிக்கு நீதி நூலின் காரணம் கற்பிப்பது ஜனங்களின் மூடத்தனத்தை வளர்க்கும் என்றார். அம்மறுப்பைக் காந்திஜி தமது 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். அது அவருடைய பெருந்தன்மை. மகாத்மா கண்ட குற்றமும் தெய்வத்திற்கு இழைத்த குற்றம் அல்ல, மனிதனுக்கு இழைத்த குற்றமே. அந்த அளவில் அவர் சுந்தரர் கதையின் வழியில்தான் நின்றார். ஆயினும் இவ்வழக்கில் நமது வாக்கு ரவீந்திரநாதருக்கே. சுந்தரர் கதையில் சபதம் மீறியவன் கண்தான் போயிற்று. பீகாரில் தீண்டாமையால் துன்புற்றவர்களும் தொட்டிற் குழந்தைகளுமன்றோ வீடுகளுக்கடியில் புதைந்தனர்?

பழைய பேச்சு என்று தள்ளவும் முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வலையும் படகும் கறுத்து, மீனவர் பிழைப்புக் கெட்டது. இத்தகைய சமயங்களில் 'கடவுளுக்குக் கோபம்' என்று யாரேனும் ஆரம்பித்தால் நாம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். எண்ணெயைக் கடவுள் காய்ச்சவில்லை. தெய்வத்தின்மேல் பழி போடுவதால் உடனே இலாபம் அடைபவர், பழிக்கு உரிய மனிதரே.

இன்னொரு வகையாரும் உண்டு. தெய்வம் தானாகக் கோபித்துக்கொள்ளாதது கண்டு, அதற்குப் பதிலாகத் தாம் கோபித்துக்கொள்பவர்கள். இவர்களுடைய குல முதல்வரும் பெரிய புராணத்தில் இருக்கிறார்: பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காமர். ஒரு பெண்ணிடம் தூது போகப் பெருமானை ஏவினானா ஒருவன் என்று கேட்டு அவர் கொதித்தார். சுந்தரர் முகத்தில் விழிப்பதில்லை என்று உறுதி கொண்டார். பெருமான் என்ன செய்தார்? ஏவியவரைத் தண்டிக்கவில்லை, தமக்காகக் கோபித்தவருக்குச் சூலை நோயைக் கொடுத்து, அதைத் தீர்ப்பவர் சுந்தரரே என்றார். அவனால் நோய் தீர்வதினும் சாவதே மேல் என்று கலிக்காமர் உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். வந்து பார்த்த சுந்தரரும் அதே வாளை எடுத்தார். பெருமான் அருளால் உயிர் பெற்றெழுந்த கலிக்காமர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். இருவரும் நண்பரானார்கள். கடவுளுக்காகக் கோபித்த நல்லவரைப் பற்றிக் கடவுளின் தீர்ப்பு இது.

சர்க்கார் சட்டமும் இவ்விஷயத்தில் தத்துவஞானியைப் போலவே பேசுகிறது. 1953 மே மாதத்தில் திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் ஈ.வெ.ரா. பெரியார் பிள்ளையார் உருவத்தை உடைத்தார். வழக்கு 1958-இல் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. எவ்வளவு சிறிய பொருளாயினும் ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதினால் அதைச் சட்டம் காக்கும் என்று நீதிபதிகள் கூறினர். காலம் கடந்துவிட்டதால் மேல் நடவடிக்கைக்கு உத்தரவிடவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 295-ஆம் பிரிவும், 1927-இல் சேர்க்கப்பட்ட 295-அ பிரிவும், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 298, 299-ஆம் பிரிவுகளும் மத நம்பிக்கையுடைய ஜனங்களின் மனத்தையே பேசுகின்றன. எந்தத் தெய்வத்தின் மனமும் புண்பட்டதாக ஒரு வரியும் இல்லை. மனிதர் மனம் புண்படுவது மெய். அதைக் காப்பதும் அவசியமே. ஆனால் கையில் தடியெடுப்பவன், தன் மனத்தைத் தன் மனம் என்றே சொல்லட்டும். கடவுளின் பெயரில் கையெழுத்திட வேண்டாம்.

பிள்ளையாரின் தகப்பனார் பூண்டியில் இதைவிடப் பெரியதைப் பொறுத்துக்கொண்டார். சென்னைப் பட்டணத்தின் தாகத்திற்குக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே அணை கட்டவேண்டுமென்று, 1939-இல் மேயராயிருந்த தீரர் சத்தியமூர்த்தி பாடுபட்டார். அணை முடிந்தது 1944-இல். அதற்குள், 1942 இயக்கத்தில் சிறை புகுந்து உடல் நலிந்த அவர், 1943 மார்ச்சு 28-ஆம் தேதி காலமாகிவிட்டார். நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுந்தரர் கோலூன்றி நின்ற பழைய திருவெண்பாக்கம் அந்த நீருக்கடியில் போயிற்று. மூர்த்திகளை எடுத்துவந்து பூண்டியில் கோயில் கட்டினர். பல லட்சம் பேருக்குக் குடிநீர் வேண்டியிருந்தது. ஈசுவரன் வீட்டைக் காலி செய்து கொடுத்தார். மகிழ மரத்தடிக்குப் போய்ப் பழகியவர் அல்லவா? 3,231 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த ஏரியின் கரையில், ஊன்றுகோல் பிடித்த சுந்தரரும் ஒற்றைக் கொம்பு நந்தியும் அவர் எதிரே நிற்கிறார்கள்.

ஒன்று மட்டும் நமக்கு உறுத்துகிறது. பரவையாரின் ஊடலைத் தீர்க்கப் பெருமான் இரண்டு தடவை வீதி நடந்தார். சங்கிலியாரிடம் எவரும் தூது போனதாகப் பெரிய புராணத்தில் காணோம். கணவருக்குக் கண் திரும்பிய செய்தி ஒற்றியூருக்கு எட்டியதா, எட்டியபோது அவர் என்ன சொன்னார் என்பதைச் சேக்கிழார் சொல்லாமலே விட்டுவிட்டார். மாசி மாதப் பிரம்மோற்சவத்தில் திருவொற்றியூரில் மகிழடி சேவை நடைபெறுகிறது. சுந்தரர் சத்தியம் செய்யும் காட்சியைக் காண ஆண்டுதோறும் ஜனங்கள் திரள்கிறார்கள்.